கோவையில் கொரியன் புல் லான்: தண்ணீர் எவ்வளவு போதும்?

வடவள்ளி_வாசி
எல்லோருக்கும் வணக்கங்க. வடவள்ளியில் வீட்டு முன்னால் 600 சதுர அடிக்குக் கொரியன் புல் போட்டிருக்கிறோம். போட்ட முதல் வருடம் அருமையாக இருந்தது. இந்த ஜனவரியிலிருந்து அங்கங்கே மஞ்சள் திட்டு. வேப்பமரத்து ஓரம் குடைக்காளான் முளைக்கிறது. கோரை வேறு கிளம்பிவிட்டது, பிடுங்கப் பிடுங்க வருகிறது. தோட்ட வேலைக்கு வருகிற அண்ணன் தண்ணீர் பத்தவில்லை என்கிறார். இப்போதே காலையும் மாலையும் ஹோஸ் பிடித்து ஒரு வேளைக்கு இருபது நிமிடம் அடிக்கிறோம். போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. நர்சரியில் கேட்டால் யூரியா போடச் சொல்கிறார்கள். வெயில் காலம் வருவதால் மதியமும் ஒரு வேளை சேர்க்கலாமா?

சொட்டு_நீர்
சேர்க்க வேண்டாம் சார். யூரியாவையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். மஞ்சள், காளான், கோரை மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் முதல் சந்தேகம் தண்ணீர் குறைவின் மேல் இல்லை, அதிகத்தின் மேல். வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் எப்போதும் தண்ணீர் நிறைந்திருந்தால் வேர் அழுகும். அழுகிய வேர் மண்ணில் சத்து இருந்தாலும் எடுக்காது, அதனால் இலை மஞ்சளாகும். பார்ப்பவர்களுக்கு அது காய்ந்த மாதிரித் தெரியும்.

இரண்டு வேலை செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற 15 லிட்டர் பக்கெட்டை ஹோஸுக்கு அடியில் வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அப்புறம் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை மஞ்சள் திட்டிலும், நன்றாக இருக்கிற இடத்திலும் குத்திப் பாருங்கள். எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எடுக்கும்போது என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கவனியுங்கள்.

மாடித்தோட்டம்
நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும். நம் ஊர் வெயிலில் லான் எதற்கு? 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு கிடந்தன. லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவள் நான். அந்த இடத்தில் நான்கு கீரைப் பாத்தி போட்டால் சாப்பாட்டுக்காவது ஆகும்.

சொட்டு_நீர்
மேடம், உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அவர் ஏற்கெனவே புல் போட்டுவிட்டார். குழந்தைகள் விளையாட இடம் வேண்டும், சிமெண்ட் போட்டால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. இருக்கிற புல்லுக்குக் கால்வாசித் தண்ணீர் போதும் என்று ஆகிவிட்டால் உங்கள் கோபமும் கொஞ்சம் குறையும் இல்லையா? கீரைக்கும் தினமும் தண்ணீர் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வடவள்ளி_வாசி
பார்த்துவிட்டேன் சார். பக்கெட் நிறைய 45 விநாடி. மஞ்சள் திட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் சட்டென்று இறங்குகிறது, எடுத்தால் சேறு, ஒரு மாதிரி சாக்கடை வாடை. நடுவில் நன்றாக இருக்கும் இடத்தில் சாதாரண ஈரம். ஆனால் தெற்குச் சுவர் ஓரமாக ஒரு நான்கடி அகலத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கவே மாட்டேன் என்கிறது, கல் மாதிரி இருக்கிறது. தோட்டக்கார அண்ணன் தண்ணீர் பத்தவில்லை என்று காட்டியது அந்த இடத்தைத்தான்.

சொட்டு_நீர்
நீங்கள் சொன்ன தெற்குச் சுவர்தான் கதையே. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கணக்கு.

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் ஊற்றினால் 1 மி.மீ. உயரம் நிற்கும். மழையை அளப்பதும் இதே மி.மீ.தான். உங்கள் 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். ஆக 1 மி.மீ. என்றால் 56 லிட்டர்.

உங்கள் ஹோஸ் 45 விநாடிக்கு 15 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர். காலை இருபது, மாலை இருபது, மொத்தம் 40 நிமிடம். 800 லிட்டர். தரையில் 14 மி.மீ.க்கு மேல். ஒரு வாரத்துக்கு 100 மி.மீ. கோவையில் வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 600-700 மி.மீ.தான். அதை நீங்கள் ஏழு வாரத்துக்குள் கொட்டிவிடுகிறீர்கள்.

புல்லுக்கு எவ்வளவு வேண்டும்? வெயில் காலத்தில் கொரியன் புல், அருகம்புல் போன்ற நம் ஊர் வெப்பத்துக்குப் பழகிய புற்கள் ஒரு நாளைக்கு மூன்றரை, நான்கு மி.மீ. குடிக்கும். வாரத்துக்கு 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1,400 லிட்டர். இரண்டாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 700 லிட்டர், உங்கள் ஹோஸில் 35 நிமிடம். அதாவது இப்போது ஒரு நாளில் ஊற்றுகிற அளவை வாரத்தில் இரண்டு நாள் ஊற்றினால் வேலை முடிந்தது. வாரம் 4,000 லிட்டருக்கு மேல் மிச்சம், மூன்று வாரத்தில் ஒரு 12,000 லிட்டர் லாரி.

குளிர்ந்த மாதங்களில் இதிலும் பாதி போதும்.

ஈசிஆர்_மணல்
வாரம் இரண்டு முறை என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நான் நீலாங்கரைப் பக்கம். எங்கள் மண் கடற்கரை மணல். 700 லிட்டரை ஒரே மூச்சில் விட்டால் பாதி நேராகக் கீழே போய்விடும், வேர் அதைப் பார்க்கவே பார்க்காது. மூன்றாம் நாளே புல் சுருண்டுவிடும்.

சொட்டு_நீர்
முழுக்கச் சரி. மணலுக்கு ஒரு தடவைக்கு 8-10 மி.மீ. போதும், அதை வாரம் மூன்று முறை கொடுக்க வேண்டும். அந்தக் கால் அடி, அரை அடி வேர் மண்டலத்தில் மணல் பிடித்து வைப்பதே அவ்வளவுதான். களிமண் அதைவிட இரண்டு மூன்று மடங்கு பிடிக்கும், அதனால் இடைவெளி கூடும். வாரத்து மொத்தம் ஏறக்குறைய மாறாது. எத்தனை தவணையில் கொடுக்கிறோம் என்பதுதான் மண்ணுக்கு மண் மாறும்.

கரிசல்காட்டுப்பெண்
கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கரிசலில் இன்னொரு தொல்லை. மண் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் குடிப்பது ரொம்ப மெதுவு. பத்து நிமிடம் விட்டதும் மேலே தேங்கி நடைபாதைக்கு ஓட ஆரம்பித்துவிடும். உள்ளே தோண்டினால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே காய்ந்து கிடக்கும். காயவிட்டால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. என்னதான் செய்வது?

டெக்சாஸ்_தமிழ்
அக்கா, நான் டாலஸ் பக்கம் இருக்கிறேன். இங்கேயும் அதே கரிசல் ரகம்தான், கோடையில் வெடிப்பு விடும், வீட்டு அஸ்திவாரத்தையே அசைக்கும். நாங்கள் செய்வது விட்டு விட்டுப் பாய்ச்சுவது. எட்டு, பத்து நிமிடம் விட வேண்டும், ஓட ஆரம்பிக்கும் முன்னால் நிறுத்த வேண்டும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. இப்படி மூன்று சுற்று. முதல் சுற்றில் மேல்மண் நனைந்துவிட்டால் அடுத்த சுற்றுத் தண்ணீர் சுலபமாக உள்ளே போகும். மொத்த அளவு அதேதான். டைமர் இருந்தால் தூக்கம் கெடாது.

டாலஸ் நகரில் தெளிப்பான் வாரத்துக்கு இரண்டு நாள்தான் போடலாம், சட்டமே அப்படி. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை காலை 10 முதல் மாலை 6 வரை தெளிப்பானைத் திறக்கவே கூடாது. அதற்காகப் புல் யாருக்கும் செத்துப்போகவில்லை. வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது, கோவையைவிடச் சூடு.

பழைய_பம்புசெட்
லானுக்குக் காலையில்தான் தண்ணீர் விடணும் என்று பொதுவாக எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பாய்ச்சுவதுதான் வழக்கம். ராத்திரி முழுக்க மண் குடிக்கும், ஆவியாகாது. மதியம் விட்டால் துளி பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து இலையைக் கருக்கிவிடும் என்பார்கள். விவசாயிக்குத் தெரியாதா?

சொட்டு_நீர்
வாய்க்காலில் பாய்ச்சுவதற்கும் புல் மேல் தெளிப்பதற்கும் வித்தியாசம் இருக்குங்க ஐயா. வாய்க்கால் தண்ணீர் மண்ணில் ஓடுகிறது, இலை நனையாது. லானில் இலைதான் முதலில் நனைகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு நனைந்த இலை மறுநாள் காலை எட்டு மணி வரைக்கும் காயாது, பனி வேறு சேரும். பூஞ்சைக்கு அந்த நேரம் தாராளம். வட்டம் வட்டமாகப் பழுப்பு திட்டு வருவது பெரும்பாலும் அப்படித்தான். விடியற்காலை நான்கு முதல் ஏழு வரை விட்டால் எப்படியும் பனியில் நனைந்திருக்கிற இலைதான் நனைகிறது, வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். காற்றும் அப்போது குறைவு.

வேறு வழியே இல்லை, மாலையில்தான் வீட்டில் ஆள் என்றால் ஐந்து மணிக்கே முடித்துவிடுங்கள். தினமும் இல்லாமல் வாரம் இரண்டு முறை என்றால் ஆபத்தும் குறைவு.

துளி இலையைக் கருக்கும் என்பது மட்டும் உண்மை இல்லை. 2010-ல் ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழுவழுப்பான இலை மேல் இருக்கும் நீர்த்துளி வெயிலில் இலையைச் சுடவில்லை. மெழுகு பூசிய ரோமம் துளியை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிற நீர்ச்செடி வகைகளில்தான் அப்படி நடந்தது. மதியம் விட வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆவியாகி வீணாவது மட்டுமே. ஒரு நாள் மதியம் புல் வாடி நின்றால் தாராளமாகத் தண்ணீர் காட்டலாம், கருகாது.

பழைய_பம்புசெட்
சரி, வாய்க்கால் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரம் இரண்டு முறை என்பதை என் வீட்டில் அந்த அம்மா கேட்க மாட்டார். காலையில் ஹோஸ் பிடித்து நிற்பதுதான் அவருக்கு உடற்பயிற்சி.

மாடித்தோட்டம்
ஐயா, அவர்களைத் தொட்டிச் செடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். தொட்டிக்குத் தினமும் வேண்டும் 😀

வடவள்ளி_வாசி
அப்படியானால் நாளையிலிருந்தே வாரம் இரண்டு தடவை என்று மாற்றிவிடட்டுமா? இன்னொன்று, உப்புத் தண்ணீருக்கு நிறைய விட்டால்தான் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் ஆர்.ஓ. மெஷினில் வெளியே வரும் தண்ணீரையும் லானுக்குத்தான் விடுகிறார்கள்.

சொட்டு_நீர்
நாளையிலிருந்தே வேண்டாம். தினம் இரண்டு வேளை மேலாகவே கிடைத்துப் பழகிய புல்லுக்கு வேர் ஒன்றிரண்டு அங்குலத்திலேயே நின்றிருக்கும். திடீரென்று நான்கு நாள் இடைவெளி விட்டால் தவித்துப்போகும். முதலில் மாலை வேளையை நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒன்றுவிட்டு ஒரு நாள். அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு தடவை. மேல்மண் காயக் காய வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் பார்க்க நன்றாக இருக்காது, அப்போது பயந்து மறுபடி ஹோஸை எடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் பிடிக்கும். வெயில் உச்சத்துக்குப் போகும் முன்னால், இந்த மார்ச்சிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

எப்போது தண்ணீர் வேண்டும் என்பதைப் புல்லே சொல்லும். சாயங்காலம் லானில் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். மிதித்த புல் உடனே நிமிர்ந்தால் ஈரம் இருக்கிறது. காலடி அப்படியே பதிந்து நின்றால், நிறம் லேசாகச் சாம்பல் நீலத்துக்கு மாறினால், மறுநாள் காலை விடுங்கள். காலண்டரைவிட இது நம்பகமானது.

உப்புக்கு வருவோம். பக்கத்து வீட்டார் சொல்வதில் பாதி உண்மை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். ஓரங்களில் வெள்ளை பூத்து நிற்பது அதுதான். ஆழமாக விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். மாதம் ஒரு தடவை கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் கழுவலாம். அதற்காகத் தினமும் வெள்ளக்காடாக்கினால், இடுக்கில் காற்றில்லாமல் உங்கள் மஞ்சள் திட்டுதான் வரும். வடகிழக்குப் பருவமழை நல்ல மழையாக வந்தால் அந்தக் கழுவும் வேலையை அதுவே செய்துவிடும்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் உள்ளே போன தண்ணீரைவிட உப்பு கூடியது. போரே உப்பு என்றால் அதைத் தரை துடைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருகம்புல்லும் கொரியனும் உப்பை ஓரளவு தாங்கும். தாங்குகிறதே என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஈசிஆர்_மணல்
துணி துவைக்கும் மெஷின் தண்ணீர்?

சொட்டு_நீர்
முதல் தண்ணீர் வேண்டாம், சோப்புத் தூளில் சோடியம் நிறைய. அது களிமண்ணை இறுக்கிவிடும். கடைசி அலசல் தண்ணீர் எப்போதாவது விடலாம்.

அருகு
தெளிப்பான் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பக்கெட் கணக்கு ஹோஸுக்குத்தான் சரி. தெளிப்பானுக்கு ஒரே மாதிரி நேர்ச்சுவர் டப்பா ஏழெட்டு எடுத்து லான் முழுக்கப் பரப்பி வையுங்கள். பதினைந்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு டப்பாவிலும் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். கீழே குறுகி மேலே விரியும் கிண்ணம், கொட்டாங்குச்சி எல்லாம் தப்பான கணக்குக் காட்டும். எங்கள் வீட்டில் தெளிப்பானுக்குப் பக்கத்து டப்பாவில் 9 மி.மீ., மூலையில் 2 மி.மீ. அந்த மூலையைப் பச்சையாக்கத்தான் இத்தனை நாளும் மொத்த லானையும் மிதக்க விட்டிருக்கிறார்கள், வீட்டை எங்களுக்கு விற்றவர்கள்.

சொட்டு_நீர்
தெற்குச் சுவர் என்று நான் சொல்ல வந்தது இதைத்தான். பெரும்பாலான லான்களில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதை முடிவு செய்வது அதன் மோசமான ஒரு மூலை. சுவர் ஓரம் வெயிலைத் திருப்பி அடிக்கிறது, சூடு தங்குகிறது, முதலில் அது வாடுகிறது. அதைப் பார்த்து முழு 600 சதுர அடிக்கும் தண்ணீர் கூட்டுகிறோம். வேப்பமர நிழலில் இருக்கும் பகுதிக்கு ஏற்கெனவே தேவை குறைவு, அது அழுகுகிறது. காய்ந்த மூலையோ அப்போதும் காய்ந்தே இருக்கிறது, ஏனென்றால் அங்கே தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

வடவள்ளி சார், அந்த நான்கடிப் பட்டையைத் தனியாக நடத்துங்கள். தோட்டத்து முள்கரண்டியோ கடப்பாரையோ வைத்து அரை அடிக்கு ஒரு துளை போடுங்கள். ஒரு தடவை கடப்பாரை இறங்கும்போது சத்தம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

வடவள்ளி_வாசி
கேட்டேன். டங்கென்று செங்கல். ஓரத்தில் தோண்டிப் பார்த்தால் மூன்று அங்குலம் செம்மண், அதற்குக் கீழே ஓட்டுத்துண்டு, காய்ந்த சிமெண்ட் கட்டி, ஒரு பெயிண்ட் டப்பா மூடி.

கரிசல்காட்டுப்பெண்
வீடு கட்டி முடித்த குப்பையை அங்கேயே மூடி, மேலே செம்மண் தூவி, கார்பெட் புல்லை விரித்துக் கொடுப்பது எல்லா ஊரிலும் இருக்கிறது போல. எத்தனை தண்ணீர் விட்டாலும் அந்த மூன்று அங்குலம் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

சொட்டு_நீர்
அதேதான். அந்தப் பட்டையில் புல்லைப் பாய் மாதிரி உரித்துச் சுருட்டி நிழலில் வையுங்கள். குப்பையை ஒரு அடி ஆழத்துக்கு எடுத்துவிட்டு, செம்மண்ணோடு மட்கிய எரு கலந்து நிரப்பி, மறுபடி விரித்துவிடுங்கள். புதிதாக விரித்த அந்தப் பட்டைக்கு மட்டும் இரண்டு வாரம் தினமும் லேசாகத் தண்ணீர் வேண்டும், வேர் பிடிக்கும் வரைக்கும். மற்ற இடத்தைத் தொடாதீர்கள். அவ்வளவு வேலை முடியாது என்றால் அந்தப் பட்டையில் புல்லையே எடுத்துவிட்டு அரளி, இட்லிப்பூ என்று ஏதாவது வைத்துவிடலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் புத்திசாலித்தனம்.

கோரையைப் பிடுங்கினால் கீழே கிழங்கு தங்கிவிடும், மறுபடி முளைக்கும். ஈரம் குறைந்தால் அதன் வேகம் குறையும், அப்புறம் கிழங்கோடு கிண்டி எடுங்கள். காளான் தானாகப் போய்விடும். எல்லாம் செய்த பிறகும் ஏதாவது திட்டு காய்ந்தே இருந்தால் புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேர் இல்லாமல் கையோடு வந்துவிட்டால் கறையானோ வேர்ப்புழுவோ இருக்கும், அதற்குத் தண்ணீர் மருந்து இல்லை.

வடவள்ளி_வாசி
அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. பதினைந்து வருடமாகத் தோட்ட வேலை செய்பவர். தண்ணீர் விடும் வேலைக்குத்தான் தினமும் வருகிறார். வேலையைக் குறைத்தால் சம்பளத்தைக் குறைப்பேனோ என்று நினைப்பார்.

அருகு
சம்பளத்தைக் குறைக்காதீர்கள், வேலையை மாற்றுங்கள். வெட்டுகிற நாள், களை எடுக்கிற நாள், துளை போடுகிற நாள் என்று பிரித்துக் கொடுங்கள். ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்துக் குத்தச் சொல்லுங்கள். நாம் வாயால் சொல்வதைவிட அந்தச் சேற்று வாடை வேகமாகச் சொல்லும். புல்லை ஒட்ட வெட்டாமல், கோடையில் கொஞ்சம் உயரமாக விடச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. உயரமான புல் தன் மண்ணுக்குத் தானே நிழல் கொடுக்கும்.

ஈசிஆர்_மணல்
மழைக்காலத்தில் எப்படி? எங்கள் தெருவில் டைமர் வைத்த வீடு ஒன்று நவம்பர் அடைமழையில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெளித்துக்கொண்டிருக்கும்.

சொட்டு_நீர்
பேப்பரில் மழை அளவு போடுகிறார்கள் இல்லையா, நுங்கம்பாக்கம் 5 செ.மீ., மீனம்பாக்கம் 4 செ.மீ. என்று. 5 செ.மீ. என்றால் 50 மி.மீ. மணல் அதில் பாதியைக் கீழே விட்டுவிடும், களிமண்ணுக்கு அது ஒன்றரை, இரண்டு வாரத் தண்ணீர். ஆனால் ஒரு தெருவில் பெய்தது அடுத்த தெருவில் பெய்யாது, அதனால் நேர்ச்சுவர் டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து நீங்களே அளப்பது மேல். 5 மி.மீ.க்குக் கீழே பெய்த தூறலைக் கணக்கில் சேர்க்காதீர்கள், இலையை நனைத்ததோடு சரி. அக்டோபர் பிறந்ததும் டைமரை அணைத்துவிட்டு, பருவமழை விட்ட பிறகு காலடியைப் பார்த்துப் போடுங்கள். வேறு எந்தச் சாமானும் வாங்க வேண்டாம்.

வடவள்ளி_வாசி
கடைசியாக ஒன்றுங்க. மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். அண்ணனும் அப்போது லீவு கேட்டிருக்கிறார்.

சொட்டு_நீர்
அதற்குள் உங்கள் லான் மூன்று நான்கு நாள் இடைவெளிக்குப் பழகியிருக்கும். கிளம்புகிற அன்று விடியற்காலை 25 மி.மீ. முழுசாக விடுங்கள், ஓடினால் இரண்டு சுற்றாக. கிளம்புவதற்கு முன்னால் புல்லை வெட்ட வேண்டாம். நடுவில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பக்கத்து வீட்டில் ஒரே ஒரு தடவை விடச் சொல்லுங்கள், போர் தண்ணீரில், 35 நிமிடம். ஆர்.ஓ. தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது ஓரங்களில் கொஞ்சம் வெளுத்திருக்கலாம், அது செத்த புல் இல்லை. இரண்டு தவணைத் தண்ணீரில் தளிர் வரும்.